இருப்பது கறுப்பு, வரப்போவது சிவப்பு

இருப்பதைக் கறுப்பில் வரைவேன்.
வரப்போவதைச் சிவப்பில்.
இடிக்கப்போவதை மஞ்சளில், விட்டுவிட்டு.
பதினாறு வருஷமாக இந்த மூன்று நிறத்தில்
காரைக்குடியைச் சுற்றி எல்லார் ஆசைக்கும்
நூற்றுக்கு ஒன்று அளவில் கோடு போடுகிறேன்.

கோட்டையூர் உமையாள் கேட்டது
அஞ்சுக்கு ஏழு. முப்பத்தஞ்சு சதுர அடி.
முழங்காலில் பிளேட் வைத்த பிறகு
கட்டிலிலிருந்து கழிப்பறை
நூற்றுநாற்பத்திரண்டு அடி என்று
ஒரு ராத்திரி எண்ணியிருக்கிறார்:
வளவைச் சுற்றி, இரண்டாங்கட்டைத் தாண்டி,
கிணற்றடி வரை.
மழையென்றால் குடையோடு.
நான் டேப் பிடித்துப் பார்த்தேன்.
நூற்றுநாற்பத்தொன்றரை.

"அறையை ஒட்டி, சந்துப் பக்கம் தள்ளி
ஒண்ணு கட்டிக்கிறேன். அனுமதி வாங்கிக் கொடு."

அனுமதி என்றால்
பத்திரம், வில்லங்கம், பட்டா,
வீட்டு வரி ரசீது,
இருக்கும் கட்டடம் முழுவதற்கும் வரைபடம்.
அந்தக் கட்டடம் எழுந்தபோது
யாரும் யாரிடமும் கேட்கவில்லை.
கேட்க ஆபீசும் இல்லை.
ஒரு தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில்தான் மூச்சுவிட்டது.
இன்றைக்கு அதன் இடுப்பில் ஒரு கழிப்பறை ஒட்ட
சந்தில் இத்தனை அடி விடு என்கிறது விதி.
சந்தே அத்தனை அடி இல்லை.

பிறகு பங்காளிகள். பதினாலு பங்கு.
பதின்மூன்று கையெழுத்து வந்துவிட்டது,
கூரியரில், வாட்ஸப்பில்,
ஒன்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து
கோணலாக.
ஈப்போ வயிரவன் மட்டும் ஒரே வரி எழுதினார்:
வீட்டின் லட்சணம் கெட்டுவிடும்.
லட்சணத்தை அவர் கடைசியாகப் பார்த்தது
ஒன்பது வருஷத்துக்கு முன்பு, மூன்று நாள்.

சிவப்பை அழித்தேன்.
கறுப்பையாவது முடிப்போம் என்று உட்கார்ந்தால்
தெற்குச் சிறகு கணக்கில் நிற்கவில்லை.
வெளியே சுவரோரம் தொண்ணூற்றிரண்டரை அடி.
உள்ளே அறையும் சுவரும் கூட்டினால் எண்பத்தேழு.
தப்பு என்னுடையதுதான் என்று மறுபடி போனேன்.
டேப்பின் தொங்கல், வெயில், என் கண்,
எதைக் கழித்தாலும் அஞ்சரை அடி
வீட்டுக்குள் போய் வெளியே வரவில்லை.

உமையாள் அறைச் சுவரை விரல் மடக்கித் தட்டினேன்.
மற்ற சுவர்கள் ம் என்றன.
இது யார் என்றது.

சந்தியாகு ஒரு செங்கல் மட்டும் உருவினார்.
டார்ச் அடித்தோம்.
புதையல் என்று நினைப்பீர்கள்.
பல்லிமுட்டை ஓடு.
ஒரு முழம் கயிறு.
யாரோ கொட்டி மறந்த சுண்ணாம்பு
கரண்டித் தடத்தோடு கல்லாகி.
ஒரு சுவர்க் கனம் போக அகலம் நாலடி.
ஏன் விட்டார்கள், தெரியாது.
தச்சு சாஸ்திரம் என்றார் சந்தியாகு.
எதற்கும் அதையே சொல்வார்.

பாகப்பத்திரத்தை வரி வரியாய்ப் பார்த்தோம்.
அம்மிக்கல் எழுதியிருக்கிறது.
கிணற்று ராட்டினத்தில்
பதினாலில் ஒன்று எழுதியிருக்கிறது.
இந்த நாலடி யாருக்கும் இல்லை.
"அப்ப இது இல்லாத இடம்" என்றார் உமையாள்.

உள்சுவரில் ஒரு கதவு திறக்க
என் கையிலிருந்த படிவத்தில் கட்டம் இல்லை.
தேடினேன்.
இருக்கக் கூடாதென்றே தேடினேன்.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றோம்.
கட்டிய பணம் வராது.
என் கம்ப்யூட்டரில் அந்த இடம் இன்னும்
அஞ்சரை அடிக் கனத்தில் கெட்டிக் கறுப்புச் சுவர்.
சில நாள் திறந்து பார்த்து
நிறம் மாற்றாமல் மூடிவிடுவேன்.

தையில் ஒரு கல்யாணத்துக்கு
வயிரவன் வந்திருந்தாராம்.
கையில் தடி, உடம்பில் சர்க்கரை.
ராத்திரி இரண்டு மணிக்கு
அறைக்கதவை மெல்லத் தட்டி,
"உமையா, ஒரு நிமிஷம் உள்ள போய்க்கலாமா?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எழுதிக் கேளுங்கன்னேன்."

போனில் சிரிப்புச் சத்தம் இல்லை.
தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.